கீறல் பார்க்கிறவள்

ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது.
கண்ணுக்குள் இன்னும் அணையாத வெள்ளை விளக்கு.
ஹாஸ்டல் பஸ்ஸை விட்டுவிட்டு
ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறினோம்
நானும் சாலம்மாவும் தில்ஷாத்தும்.
வார்டனிடம் சொன்னது: பல்வலி.
மூன்று பேருக்கும் ஒரே பல்லா என்று
நல்லவேளை அவள் கேட்கவில்லை.

என் வேலை கீறல் பார்ப்பது.
ஒரு போன் கண்ணாடிக்குப் பதினொரு நொடி.
சாய்த்து, திருப்பி, வெளிச்சத்தில் நீட்டி
நகம் பட்ட தடம் இருந்தாலும்
சிவப்புத் தொட்டியில் போட வேண்டும்.
ராத்திரிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்.

எங்கள் வாலிநோக்கத்தில்
உயரம் என்றால் உப்புக் குவியல்.
மலையை பஸ் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன்,
அதுவும் தூங்கி வழிகிற கண்ணால்.
இப்போது அது என் செருப்பு நுனியில் தொடங்கி
கழுத்து வலிக்கிற வரைக்கும் போகிறது.

அடிவாரப் புளியந்தோப்பில்
ஒரு கல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.
வில் பிடித்த ஆள்.
காலடியில் மாடோ நாயோ.
நெஞ்சு முழுக்க மஞ்சள், முன்னால் பொங்கல் வைத்த கரி.
"வேடியப்பன்" என்று செருப்பைக் கழற்றினாள் சாலம்மா.
அஞ்செட்டிக்காரி. அவள் அண்ணன் பேரும் அதுதான்.
"என்ன செஞ்சாரு?"
"கள்ளனுங்க ஓட்டிட்டுப் போன மாட்டைத் திருப்பப் போனாரு."
"அப்புறம்?"
"மாடெல்லாம் வந்துச்சு."

அதற்குள் என் கை கல்லின் மேல்.
பழக்கதோஷம்.
அவர் தலைக்கு மேலே மூன்று வரி,
வட்டம் வட்டமாய்,
ஈரமண்ணில் நத்தை போன மாதிரி.
தமிழ்தான் என்றாள் சாலம்மா.
பன்னிரண்டு வரை படித்தவளுக்கு
ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.
பதினொரு நொடி போனது, நூறு போனது,
விரல் எடுக்க மனமில்லை.

படி இருக்கிற இடத்தில் படி.
இல்லாத இடத்தில் பாறையில் கொத்திய குழி,
அரைப்பாதம்தான் கொள்ளும்.
வழுக்குப்பாறையில் தில்ஷாத்
புர்காவைச் சுருட்டி இடுப்பில் செருகி
உட்கார்ந்தபடியே ஏறினாள்,
உருதுவில் திட்டிக்கொண்டு.
என்னையா மலையையா தெரியவில்லை.
பாதி வழியில் எனக்குக் கால் நடுங்கியது.
கீழே பார்க்காதே என்று சொல்ல
அவர்கள் இருவருக்கும் மறந்துவிட்டது.
பார்த்தேன்.
தென்னை எல்லாம் கொத்தமல்லிக் கட்டு.

மேலே
ஒரு வாசல், அதைத் தாண்டி இன்னொரு வாசல்,
இரண்டிலும் கதவில்லை.
மருந்துக்கிடங்கோ தானியக்கிடங்கோ,
இப்போது வௌவால்களுடையது.
சுவர் முழுக்கப் பெயர்கள்
ஆணியால், கருங்கல்லால், செங்கல் துண்டால்.
பீரங்கி பெயர்த்ததாகச் சொல்கிற குழிக்குள்ளே
ஒருத்தன் குனிந்து நுழைந்து
ஒருத்தியின் பெயரை எழுதியிருக்கிறான்,
எழுத்துப்பிழையோடு.

"தொட்டி பத்துமாடி?" என்றாள் தில்ஷாத்.

சுனையோரம் உட்கார்ந்து
கேன்டீன் சப்பாத்திக்குத் தக்காளியைக் கடித்துக்கொண்டோம்.
கீழே மண்டியில் லாரிகளுக்குக் காத்திருக்கும்
கிரேட்டுகள், சிவப்பு சிவப்பாய்.
பெங்களூர் ரயில் ஒன்று
சத்தமில்லாமல் போய் முடிந்தது.
தில்ஷாத் பாறையிலேயே தூங்கிப்போனாள்.
அவள் முகத்துக்கு நிழல் வருகிற மாதிரி
சாலம்மா நகர்ந்து உட்கார்ந்தாள்.
கோட்டைக்கு அன்று காவல் நான்தான்.
எதிரிகள்: மூன்று ஆடு, ஒரு குரங்கு.
குரங்கு ஜெயித்தது, இரண்டு சப்பாத்தி.

இறங்கும்போது முழங்கையில் நல்ல சிராய்ப்பு.

அன்று ராத்திரி சூப்பர்வைசர் கேட்டார்,
"பல்லு தேவலையா?"
தேவலை சார்.
ஆயிரத்து எழுநூறைத் தாண்டி
ஒரு கண்ணாடி வந்தது.
ஓரத்தில் வளைந்து ஆரம்பித்து
நேராய் இறங்குகிற மயிரிழை.
சாய்த்தேன், திருப்பினேன்.
பன்னிரண்டு. பதிமூன்று.
பின்னால் அவர் இருமினார்.
தொட்டியில்தான் போட்டேன்.
எப்போதும் போல எறியாமல்
குனிந்து, வைத்தேன்.