எண்பத்து மூன்று கிராம்

மூக்கில் இன்னும் எடை வேண்டும்.
விரல்நுனிகளில் இறக்கையைத் தாங்கினால்
வால் தரையைப் பார்க்கிறது.
கம்பத்தில் அந்தோணிராசு டயர் கடை வாசலில்
பொறுக்கிய பேலன்ஸ் ஈயத்துண்டுகள்,
சமையல் தராசில் எண்பத்து மூன்று கிராம்.

பதினாலு மாதம்.
பால்சா தூள் இட்லி மாவில் விழுந்ததற்கு ஒரு சண்டை.
ஃபிலிம் ஒட்டி ஒட்டி
இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வெள்ளைத் தோல்;
இனி இது துணிக்கு ஆகாது என்றாள் மெர்சிலின்.
ஒன்பதாம் ரிப்பை மட்டும்
மூன்று முறை வெட்டினேன், ஏனோ.

காக்பிட்டுக்குள் நாலில் ஒரு பங்கு ஆள்.
அவனுக்கு முகம் வரைய எனக்குக் கை வராது.
அவள் வரைந்தாள், நெயில்பாலிஷ் பிரஷ்ஷால்,
என்னைக் கேட்காமல்:
வழுக்கை. மூக்குக்கண்ணாடி.
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

இன்று ராமக்கல்மேட்டு விளிம்பு.
கம்பம் சமவெளியிலிருந்து மேலேறும் காற்று
சட்டையை முகத்துக்குத் தூக்குகிறது.
ஏலத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர்கள்
ஜீப்பை நிறுத்தி
"இதெந்தா, டிரோணோ?" என்கிறார்கள்.
மோட்டாரே இல்லை என்றால் நம்பவில்லை.

சுக்கான் இடம். வலம். சரி.
எறிந்தேன்.

தாழ்ந்தது.
பாறைக்குக் கீழே போய்
தமிழ்நாட்டுக்குள் எங்கோ மறைந்தது.
ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தபடி
காற்றிடம் கட்டைவிரலால் கெஞ்சினேன்.
மெர்சிலின் என் பெல்ட்டைப் பிடித்திருந்தாள்.

பிறகு,
லிஃப்டில் ஏறி வருகிற ஆபீசர் மாதிரி
முதலில் வழுக்கை,
அப்புறம் கண்ணாடி, கடித்த பல்;
இறக்கை அசையாமல்
எங்கள் முகத்துக்கு நேராக வந்து,
கவனிக்காமல் கடந்து,
மேலே.

அரைமணி ஆகிறது.
பின்னால் பாறை, முன்னால் பள்ளம்.
எங்கே இறக்குவாய் என்று
அவள் இன்னும் கேட்கவில்லை.