கிழக்குச் சுவர்

கிடங்குக்குக் கூரை கிடையாது.
கிழக்கே சுவரும் கிடையாது.
எண்பத்தொன்பதில் இரண்டும் இருந்தன என்று
பழைய வரைபடம் சத்தியம் செய்கிறது.
உள்ளே நாற்பத்தோரு டன் பூச்சிமருந்து;
காகித மூட்டைகள் கிழிந்து, மழையில் குழைந்து,
வெயிலில் இறுகி, மறுபடி குழைந்து,
எது எதனோடு கலந்ததென்று
அதற்கே மறந்துபோன மேடு.

மால்டோவாவின் தெற்கே, திராட்சைச் சரிவுக்குக் கீழே
கூர்த்தோயா என்ற ஊர்.
மூன்று வாரம் என்றது ஒப்பந்தம்.

காலை ஆறரைக்கு வெள்ளை அங்கி.
கையுறைமேல் கையுறை, மணிக்கட்டைச் சுற்றி ஒட்டுநாடா.
முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே திரும்பி வரும்,
நேற்றுத் தின்ற பூண்டு வாசத்தோடு.
பான்டெலிமோன் அள்ளுவான்.
நான் பீப்பாய்க்கு எண் எழுதுவேன்.
மூடியை இறுக்கும் இரும்பு வளையம் 'டக்' என்னும்;
அந்த 'டக்'கை எண்ணித்தான் பொழுதை அளந்தோம்.
லாரி ஏறும், எல்லை தாண்டும்,
வடக்கே ஏதோ ஒரு நாட்டில்
ஆயிரத்து இருநூறு டிகிரியில்
ஓர் உலை விழித்திருக்கும்.
அழிந்துவிடும் என்பார்கள் அலுவலகத்தில்.
போய்விடும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

பதினாறாம் நாள் தரை தெரிந்தது.
காங்கிரீட்டில் மஞ்சள் மஞ்சளாய்க் கறை.
அதையும் உடைத்தோம்.
கீழே மண். துளைக்கருவியை இறக்கினேன்:
அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை.
இன்னும் அதே வாடை,
பூஞ்சை பிடித்த சர்க்கரை மாதிரி.

வேலிக்கு அப்பால் ஒரு சைக்கிள் நின்றது.
தபால் பையோடு அக்ரிபினா.
"எல்லாத்தையும் அளக்கிறீங்க.
கூரை எங்கே போச்சுன்னு ஒருத்தரும் கேட்கலையே?"

கூட்டுப்பண்ணை கலைந்த ஆண்டு.
மாடுகளைப் பிரித்தார்கள், டிராக்டரைப் பிரித்தார்கள்.
கடைசியில் மிஞ்சியவர்களுக்குக் கிடங்கைப் பிரித்தார்கள்.
உத்தரம் ஒருவருக்கு, ஓடு நால்வருக்கு.
இவள் பங்குக்கு வந்தது
கிழக்குச் சுவர்.

அதை வைத்துத்தான் அடுப்படி கட்டினார்கள்.
ஈஸ்டர்தோறும் நீலச் சுண்ணாம்பு அடித்தார்கள்.
நான் சுரண்டியபோது நீலத்துக்குள் நீலம்,
அதற்குள் இன்னொரு நீலம்,
கடைசியில் செங்கல்.
"குளிர்காலத்தில் அடுப்பு மூட்டினா
சுவர் வியர்க்கும்" என்றாள்.
மேசையில் மிளகாய் ஊறுகாய்ப் புட்டிகள் வரிசையாய்.
நான் அவற்றை எண்ணவில்லை. எண்ணினால் எழுத வேண்டும்.

நான்காம் நாள் ஆய்வகத்திலிருந்து எண் வந்தது.
அதை அவளிடம் சொல்ல ஒரு சொல் தேடினேன்.
"அதிகம்" என்றேன்.
சிறிய சொல்.

படிவத்தில் வீட்டுச் சுவருக்குக் கட்டம் இல்லை.
கிடங்கு, தரை, மண், நிலத்தடி நீர்.
தலைநகருக்குத் தொலைபேசினேன்.
"வேலியோடு நம் எல்லை முடிகிறது" என்றது குரல்,
எதையோ மென்றுகொண்டே.

பதினான்கு காலிப் பீப்பாய் மீதம் இருந்தது.
பழைய வரைபடத்தை ஒரு கல் வைத்து விரித்தான் பான்டெலிமோன்,
அழுக்குக் கையுறையால் தொட்டுக் காட்டினான்:
கிழக்கு. சுவர். இருபத்தைந்து சென்டிமீட்டர் தடிமன்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இடித்தோம்.
அக்ரிபினாவுக்கும் ஓர் அங்கி கொடுத்தோம்.
கால் நீளம் அதிகம், மடித்து நாடா ஒட்டினாள்.
முதல் அடி அவளுடையது.
முந்நூற்று எண்பத்தெட்டு முதல்
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை
'கிடங்கு, கிழக்குச் சுவர்' என்று எழுதினேன்.
என் வேலையில் இவ்வளவு நேர்மையாக
வேறெதையும் எழுதியதில்லை.

இரவு அடுப்படியில் தார்ப்பாய் படபடத்தது.
அக்டோபர் காற்று நேராக உள்ளே வந்து
சூப்பை ஆற்றியது.
தாங்கள் கொண்டுவந்த தட்டில் குடித்தோம்;
அதையும் யோசித்தேன், குடித்தேன்.

காலையில் வேலியோரம் ஒன்பது பேர்.
ஒருவர் தோளில் உத்தரம்.
ஒரு பையன் ஓட்டுத் துண்டை
ரொட்டிபோல் கோட்டுக்குள் வைத்திருந்தான்;
பிடுங்கிக் கீழே வைத்தேன், கையைக் கழுவவைத்தேன்.
யாரும் பேசவில்லை.

இரண்டு பீப்பாய் மீதம்.
பான்டெலிமோன் மூடியைத் திறந்தான்.