இரண்டு குதிரை

காக்கி புக்கிட், நான்காம் மாடிப் பட்டறை.
கோப்பிக்கடையில் ஒரு பை ஐஸ் வாங்கி
பிஸ்கட் டின்னில் கொட்டினான் ருஸ்லான்.
உள்ளே சுருண்டு கிடந்தது செம்புக்குழாய்.

குளிர்ந்தால் பெட்ரோல் இறுகும் என்றான்,
அதே சொட்டில் கொஞ்சம் கூடுதல் நெருப்பு.
நம்பினேன்.
சிஓஇ முடியப் பதினோரு வாரமே உள்ள வண்டியை
வேறு யார் நம்புவது?

உருளைமேல் ஏற்றி அளந்தோம்.
இரண்டு குதிரை கூடியிருந்தது.
"ரெண்டுதானா?"
"ரெண்டும் உயிரோடதான் இருக்கு லா."

யூனோஸ் சிக்னல். பிற்பகல் மூன்று மணி.
முன்னால் சிமெண்ட் லாரி,
பக்கத்தில் தார் உருகும் வாடை.
பானெட்டுக்கடியில் ஐஸ் தளதளத்து, பிறகு
சத்தமே இல்லை.

பச்சை விழுவதற்குள்
டின் தண்ணீர் கொதிநீர்.

வியர்வை கண்ணில் இறங்க
ஏசியைக் கூட்டினேன்.
அது தின்னும்
ஐந்து குதிரை.