நாலு நிமிஷம் நாற்பது செக்கன்

மூன்று பேர் வந்து கேஸ் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
மூன்றாவது ஆள் கொம்பிறசரையே மாற்றச் சொன்னானாம்.
நான் நாலாவது. குருநகர் ஐஸ்வாடியில்
மீனுக்குக் குளிர் பிடித்துக் கொடுக்கிறவள்.
மனிசருக்கென்று என்னைக் கூப்பிடுவது குறைவு.

உரும்பிராய். பங்குனி வெயில்.
"நிலத்தோட வேலை செய்யிற மெசின், பிள்ளை,
பேர்கன்ல எங்கட வீட்டில இருவது வருசம் ஓடினது"
என்றார் செல்வநிதி அன்ரி.
அங்கே மண்ணிடம் சூட்டைக் கடன் வாங்குவார்கள்.
இங்கே மண்ணிடம் கொண்டுபோய்க் கொட்டவேண்டும்.

முதல்நாள் நான் எதையும் கழற்றவில்லை.
போகிற குழாயில் ஒன்று, வருகிற குழாயில் ஒன்று,
இரண்டு தெர்மாமீற்றரைக் கறுப்பு ரேப்பால் சுற்றிவிட்டுப்
பிளேன்ரீ குடித்தபடி எழுதினேன்:
காலை ஏழு, மண்ணிலிருந்து வருவது முப்பத்தேழு.
பதினொன்று, நாற்பத்தொன்று.
இரண்டேகால், நாற்பத்தாறு.
டக்கென்று ஒரு சத்தம்.
வீடு நின்றது.

போவதற்கும் வருவதற்கும் இடையில் ஐந்து பாகை,
இருக்கவேண்டிய ஐந்து.
பம்பில் பிழையில்லை. கேஸில் பிழையில்லை.
மறுநாள் காலை முப்பத்தெட்டு.
இரவு முழுக்கக் கிடந்தும் மண் ஆறவில்லை.
காய்ச்சல்காரருக்குப் போர்வை மாற்றிவிட்டுக்
காசு வாங்கியிருக்கிறார்கள் முன்னவர்கள்.

வரைபடத்தில் நானூறு மீற்றர்.
மூத்த மகன் அங்கிருந்து கீறி அனுப்பிய
பிசகாத நீலக் கோடு.
மண்ணுக்குள் எவ்வளவு என்று மண்ணைத்தான் கேட்கவேண்டும்.
குழாயைக் கழற்றி, பீப்பாத் தண்ணீரைத் தள்ளவிட்டு,
குசினியில் கேட்டு வாங்கிய கேசரிப் பவுடரில்
ஒரு கரண்டி கரைத்து ஊற்றினேன்.
நிமிஷத்துக்கு இருபது லீற்றர். கையில் போன்.
அன்ரி மறுமுனையில் வெள்ளை வாளியோடு குந்தியிருந்தார்,
கண் வெட்டாமல்.

"வந்திட்டுது! பிள்ளை, வந்திட்டுது!"

நாலு நிமிஷம் நாற்பது செக்கன்.
பெருக்கிப் பிரித்தால்
நூற்றெழுபத்தாறு மீற்றர். அரைவாசியும் இல்லை.

மிச்சம்
கோழிக்கூட்டுக்குப் பின்னால், சாக்குப் போர்த்தி,
சுருள் அவிழாமல் கிடந்தது. நடுக்குழியில்
ஒரு பூனை அன்றுதான் மூன்று குட்டி போட்டிருந்தது.

கிருபைராசாவுக்குப் போன் எடுத்தேன்.
"நாலடிக்குக் கீழ கல்லு, தங்கச்சி.
பெக்கோவின்ர பல்லு ரெண்டு போச்சு.
சொல்லத்தான் இருந்தனான்.
அதுக்குள்ள அவ முழுக்காசையும் தந்திட்டா."

சுவரில் ஆறு சுவிட்சுகள். நாலுக்குக் கீழே
பென்சிலில் பெயர்கள்: சிந்துஜன், தர்மிகா, பிறகு
ஆனே என்றொரு மருமகள், பிறகு வெறுமனே 'சின்னவன்'.
ஆறும் பதினெட்டில்.
கதவைத் திறந்தேன். மெத்தைகளில் இன்னும் பொலித்தீன்.
"பூட்டி வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும்" என்றார்,
நான் கேட்காமலே.

நாலையும் நிறுத்தினேன்.
அவருடையதை இருபத்தாறுக்கு ஏற்றினேன்.
வாழைக்குப் போன குளியல் தண்ணீரைக்
குழாய் கிடக்கும் பக்கம் திருப்பினேன்.
காய்ந்த செம்மண் குழாயை விட்டு விலகி நிற்கும்;
நனைந்தால்தான் ஒட்டும்.
வாழை கோவிக்கும். கோவிக்கட்டும்.

ஒன்பதாம் நாள் காலை, முப்பத்திரண்டு.

இனிக் கணக்கு. கல்லை உடைத்து
வேலியோரமாக மிச்சக் குழாயைத் தாழ்க்கலாம்.
உடைப்பதற்கு அடிக்கு இவ்வளவு,
அறைக்கு இத்தனை மீற்றர்.
"நல்லூர்க் கொடியேற்றத்துக்கு
எத்தனை பேர் வருவினம் அன்ரி?
குழாய்க் கணக்குக்குத்தான் கேக்கிறன்."

விரல் மடக்கத் தொடங்கினார்.
மூன்றில் நின்றார். ஒன்றை நிமிர்த்தினார்.
பிறகு, பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டனவா என்று
பார்க்க எழுந்து போனார்.

எஸ்ரிமேற்றில் அந்தக் கட்டத்தை மட்டும்
வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
கீழே ஒரு குறிப்பு:
சுருளை இப்போதைக்கு அசைக்கவேண்டாம்.