பழைய எண் 5, புதிய எண் 2

காகிதப்பட்டறையில்
காகிதமே இல்லாத அறை எங்களுடையது.
வெளியே மே மாத வேலூர்.
உள்ளே பதினெட்டு டிகிரி.
செருப்பைக் கழற்றி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
நுழைய வேண்டும்.

குடியாத்தத்து முழங்கால்,
ஆம்பூர் நுரையீரல்,
திருவலத்தில் யாரோ ஒருத்தியின்
இன்னும் பெயர் வைக்காத பிள்ளை:
ஏழு ஊர் ஸ்கேன் படங்களும் இங்கேதான்.
சர்வரின் வயிறு போதாமல்
ஆண்டுக்கொன்றாய் வாங்கி அடுக்கிய
ஆறு டிராயர்கள்.
டிராயர் என்றதும்
சாவிக்கொத்தும் ரப்பர் ஸ்டாம்பும் நினைக்காதீர்கள்.
இழுத்தால் வேலை போய்விடும்.

ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு பவர் சப்ளை,
இரண்டு ஒயர்.
இடது ஒயர் முதல் யுபிஎஸ்ஸுக்கு,
வலது ஒயர் இரண்டாவதற்கு.
பின்னால் நின்று பார்த்தால்
ஆறு பெண்கள் இரட்டைச் சடையோடு
வரிசையில் நிற்பதுபோல் இருக்கும்.
ஒரு சடை அவிழ்ந்தாலும்
ஊருக்குத் தெரியாது.

இரவு ஒன்று நாற்பது.
திரையில் ஒரே வரி:
டிராயர் 2, பவர் சப்ளை B, பழுது.

எந்த இரண்டு?

எபினேசர் வேலையை விட்டுப் போகுமுன்
மேலிருந்து கீழாக
ஒன்று முதல் ஆறு வரை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்,
அழகான கையெழுத்து.
மெஷினோ பூஜ்யத்திலிருந்து எண்ணும்.
அப்படியானால் மூன்றாவதா?
கீழிருந்து எண்ணினால் நான்காவதா?
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஆறிலும் பச்சை.
பழுதானதும் பச்சையாகவே இருந்தது,
விருந்தாளி முன்னால் சிரிக்கிறவளைப்போல.

சென்னையிலிருந்து பொன்னுரங்கம் போனில் சொன்னார்:
"ஸ்டிக்கர நம்பாதம்மா.
அது கேபிள் போற வழியில எண்ணும்."
கேபிளைப் பிடித்துக்கொண்டு போனேன்.
முதலில் அடித்தட்டுக்கு இறங்கி,
அங்கிருந்து எகிறி உச்சிக்கு ஏறி,
மறுபடியும் இறங்கி ஐந்தாவதில் நுழைந்தது,
ஊரெல்லாம் சுற்றி வரும் டவுன் பஸ்ஸாட்டம்.
"இரு, மினுக்கச் சொல்றேன்," என்றார்.
ஐந்தாவதின் முதுகில்
ஒரு நீலப் பொட்டு
கண்ணைச் சிமிட்டியது.

"புடுங்கு. இன்னொண்ணு தாங்கும்."

கை போய்விட்டது.
ஏனோ, பிடுங்குமுன்
இரண்டு ஒயரையும் விரலால் தடவிக்கொண்டே போனேன்.
இடது ஒயர் இடது பட்டையில்.
வலது ஒயரும்
இடது பட்டையில்.

அந்த ஒரு யுபிஎஸ் தும்மியிருந்தால் போதும்.
இரண்டு கயிறு கட்டியிருந்தோம்,
ஒரே ஆணியில்.

வலது பட்டையில் அதன் துளை காலியாக இல்லை.
அதில் ஒரு கொசு மருந்து மெஷின்,
பாட்டிலில் பாதி.

மார்ச்சில், ஒரு இரவு டியூட்டியில்,
இந்தக் குளிரிலும் காதருகே பாடிய
ஒற்றைக் கொசுவுக்காக
நான் சொருகியது.
அப்போது எந்த ஒயரை எடுத்து எங்கே மாற்றினேன் என்று
நினைவுகூட இல்லை.
அன்றும் எல்லாம் பச்சை.

"இன்னா ஆச்சு ஜபீனா, லைன்ல இருக்கியா?"

இருந்தேன்.
கொசு மெஷினைப் பிடுங்கினேன்.
ஒயரை அதன் இடத்துக்குக் கொண்டுபோனேன்.
அட்டைப்பெட்டியிலிருந்த உதிரி சப்ளையைத் தள்ளியதும்
காற்றாடி ஒரு கணம் ஊளையிட்டு
அடங்கியது.
திருவலத்துப் பிள்ளை
புரண்டுகூடப் படுக்கவில்லை.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கதவில்
இரண்டு எண் எழுதியிருக்கும்.
கூரியர்காரன் எப்போதும்
மூன்றாவது ஒன்றைத் தேடிக்கொண்டு நிற்பான்.
அதே முறையில்
எபினேசரின் ஸ்டிக்கருக்குக் கீழே எழுதினேன்:
பழைய எண் 5, புதிய எண் 2.
மற்ற ஐந்துக்கும் அப்படியே.

பிறகு பதிவேடு.
சேவை பாதிப்பு: இல்லை.
ஒயர் இடம் மாறியதற்குக் காரணம்:
அந்தக் கட்டம் சிறியது.
முதலில் கொசு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
என் பெயரை எழுதினேன்.