நாற்பதாயிரத்து நூற்றுப் பதினேழு

கயானியில் விடாத பனி. மணி 3:08.
எழுதிக்கொண்டிருந்த சர்வர்
பாதி வரியில் செத்துப்போனது.
பதிவேட்டை மூடாமல்.

டிஸ்குகள் நலம். எட்டு டெராபைட்டும் அப்படியே.
எந்த ஏடு எந்த மூவரிடம் என்று சொல்லும்
இருநூறு எழுத்துக் குறிப்பைத்தான்
காணோம்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
இங்கே ஏடு போனால்
சுரைக்காய் இருந்தும் பட்டினி.

பழைய பிரதியிலிருந்து குறிப்பை மீட்டேன்.
முதலில் வேலி:
செத்தது எழுந்து வந்தாலும்
இனி ஒரு எழுத்து எழுத முடியாது.
பிறகு ஒவ்வொரு டிஸ்காய் விசாரணை.
40,116 இருவரிடம் இருக்கிறது.
40,118 யாரிடமும் இல்லை.
நடுவில் இருப்பது
ஒருவரிடம் மட்டும்.

"ஒற்றைச் சாட்சி, இர்மெலி. விட்டுவிடேன்,"
தொலைபேசியில் உர்ஹோ கொட்டாவி விட்டான்.
"கிடைத்தது என்று யாருக்கும் நாம் சொல்லவில்லையே."

உள்ளே என்ன என்று பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
பனிவாரி நான்கு, லெஹ்டிகங்காஸ், 2:51,
தெரு முடிந்தது.

யாரோ ஒருத்தர் அந்தக் குளிரில்
கையுறையைக் கழற்றி
பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

மற்ற இரண்டு டிஸ்கிலும் எழுதினேன்.
கடைசி வரி: 40,117.
மூடினேன்.

ஆறரைக்கு வீடு திரும்பும் வழியில்
லெஹ்டிகங்காஸில் காரை நிறுத்தினேன்.
கணுக்கால் வரை பனி.
அள்ளிய சுவடே இல்லை.

பூட்ஸால் ஓரத்தை உதைத்தேன்.
புதுப்பனிக்கு அடியில்
கெட்டியாக, அழுக்காக,
அள்ளிக் குவித்த மேடு.