எண்பது கட்டங்கள்

குத்தகைப் பத்திரத்தோடு வந்த நீலத்தாளில்
எண்பது கார்கள் நின்றன. எண்ணிப் பார்த்தேன்.
மரங்கள் பஞ்சுருண்டைகள்.
தொப்பி வைத்த வெள்ளைக்காரி ஒருத்தி
நாய்க்குட்டியோடு கடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று எங்கள் பக்கம் கார் வைத்திருந்தவர்கள்
டாக்டர் படையாட்சி,
கோழிப்பண்ணை ரங்கசாமி.
மூன்றாமவர் காரை விற்று
உள்ளறைகளுக்குக் கதவு வாங்கிக்கொண்டிருந்தார்.
கவுன்சில் வீடுகள் கதவில்லாமல்தான் வந்தன.

கடல் கடந்த ஏதோ ஊரின் படத்தை
சாட்ஸ்வர்த் குன்றின்மேல் இறக்கிவைத்துவிட்டார்
யாரோ ஒரு கட்டிடக்காரர்,
'மேபிள் கோர்ட்' என்ற பெயரையும் சேர்த்து.
மேபிள் என்றால் என்ன என்று கேட்டதற்கு
மேஸ்திரி சொன்னார்:
"முதலாளியின் மனைவியாக இருக்கும்."

1966.
கூரையில்லாத முற்றம். சுற்றிலும் பதினேழு கடை.
தண்ணீர் இணைப்பு வராத நீரூற்று.
கேட்டோ மேனரில் கடையை இழந்தவர்கள்
பெயர்ப்பலகையை மட்டும் லாரியில் ஏற்றி வந்தார்கள்.
'குஞ்சம்மாள் துணிக்கடை'
புது வாசலுக்கு ஒன்றரை அடி அதிகம்.
'கடை' வெளியே நீட்டிக்கொண்டு
பக்கத்துக் கசாப்புக்காரருக்கு நிழல் தந்தது.

எனக்குப் பதினொன்றாம் எண்ணில், செருப்புக்கடையில் வேலை.
வாரம் ஆறு ரேண்ட். பதினெட்டு வயது.
செம்மண் அப்பிய பாதம் வந்தால்
இன்னும் தார் போடாத ஏழாம் யூனிட்.

கார்கள் வராத கட்டங்களில்
பையன்கள் நாற்பதிலிருந்து பந்து வீசினார்கள்.
சனிக்கிழமை மீன்காரி லோகாம்பாள்
இருபத்திரண்டில் சாக்கை விரித்தாள்,
இருபத்து மூன்றில் அவளுடைய விரோதி.
கல்யாணப் பேருந்து ஒன்று குறுக்கே நின்று
ஒன்பது கட்டங்களை ஒரே வாயில் விழுங்கியது.
குரங்குகள் எண் பார்க்கவில்லை.

மழை வந்தால் முற்றம் குளம்.
நடைவழித் தகரத்தின்கீழ் எல்லோரும் ஒட்டி நிற்போம்.
அப்படி நின்றவர்களில் ஒருவன் பூபாலன்.
அளவு எட்டு, வலதுகால் அரை அளவு பெரிது.
முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில்
அதை அவனிடம் சொல்லவே இல்லை.
ஜோடி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

1984.
'ஓட்டுப் போடாதே' என்று நீரூற்றில் எழுதியிருந்தது.
போலீஸ் புகைக்குண்டு வீசியது.
கடற்காற்று வந்து புகையை அள்ளிக்கொண்டு போனதும்
கூரை போடாத அந்தப் புண்ணியவானை
முதன்முறையாக வாழ்த்தினோம்,
கண்ணைக் கழுவத் தண்ணீரில்லாமல்.

எண்பதும் நிரம்பியது ஒரே ஒரு வருடம்,
1988, என்பார் கணக்கர் நடேசன்.
மறுவருடம் நெடுஞ்சாலை ஓரத்தில்
கூரையும் குளிர்காற்றும் மூவாயிரம் கட்டங்களுமாக
ஒன்று திறந்தது.
கார் வாங்கியவர்கள்
அந்தக் காரிலேயே போய்விட்டார்கள்.

பிறகு ஒரு ஏப்ரல்.
கட்டங்கள் முழுக்க மனிதர்கள், வளைந்து வளைந்து.
அறுபதில் நான், நான்கு மணி நேரம்.
முன்னால் உம்லாசியிலிருந்து வந்த பெண்,
புது ஷூ, குதிகால் உரிந்திருந்தது.
கைப்பையிலிருந்து பஞ்சு கொடுத்தேன்.
ஐந்தரை வாங்கியிருக்க வேண்டும்.
வாக்குச்சீட்டு எவ்வளவு நீளம் என்று
இருவரும் கையை விரித்துச் சிரித்தோம்.

பூபாலன் போன மறுவருடம்,
அறுபத்தெட்டு வயதில், லைசென்ஸ் எடுத்தேன்.
முதலில் வந்தது இங்கேதான்.
பதினொன்றாம் எண்ணில் செல்போன் பழுதுபார்க்கிறார்கள்.
நீரூற்றில் டயர்கள்.

காவலர் கண்ணாடியைத் தட்டினார்.
லுபும்பாஷிக்காரர். மஞ்சள் உள்சட்டை.
"அம்மா, இரண்டு கட்டத்தில் நிற்கிறீர்கள்."
"கோடு எங்கே?"
ஷூ முனையால் தரையில் காட்டினார்.
எனக்குத் தார்தான் தெரிந்தது.
அளவு ஒன்பது. அடி பிளந்து
விரல் வெளியே வந்திருந்தது.

வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன்.